பட்டியலை நீங்களே எழுதுங்கள்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் கூடுகை விழாவில், மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஏற்பாடு செய்யப்பட்ட அமர்வில் ஆற்றிய உரை.)



நம்முடையது பொறியியல் கல்லூரி. இந்த வாசல் வழியாக ஒரு டாக்டர்கூட வெளியே போனதில்லை. அப்புறம் எதற்கு மருத்துவ ரெசிடென்சி பற்றி ஒரு கூட்டம் என்று நானும் கேட்டேன். செயலாளர் அண்ணன் சொன்னார்: "தம்பி, நாம எல்லாரும் இன்ஜினீயர் ஆயிட்டோம். நம்ம பிள்ளைங்கள்ல எத்தனையோ பேரு எம்.பி.பி.எஸ். படிக்குதுங்க. அதுல நாலு பேரைக் கேட்டா ரெண்டு பேரு அமெரிக்கா போகணும்ங்கறாங்க. உன் சம்சாரம் அந்த வழியில போனவங்க. நீ வந்து பேசு." "அவங்களையே கூப்பிடுங்களேன் அண்ணே" என்றேன். "அவங்களுக்கு லீவு கிடைக்காதுன்னு போன மாசம் நீதானே சொன்னே" என்றார். அதனால் இங்கே நிற்கிறேன்.

யோசித்துப் பார்த்தால் இது அவ்வளவு பொருந்தாத ஏற்பாடும் இல்லை. அமெரிக்காவில் எந்த மாணவர் எந்த ஆஸ்பத்திரியில், எந்தத் துறையில் பயிற்சி பெறுவார் என்பதைக் கடைசியில் முடிவு செய்வது ஒரு கணிப்பொறி புரோகிராம். அது நம்ம டிபார்ட்மெண்ட். அந்தப் புரோகிராம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், துறையை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதி மனசு சம்பந்தப்பட்டது. அதையும் சொல்கிறேன்.

முதலில் ரெசிடென்சி என்றால் என்ன? மருத்துவப் பட்டம் வாங்கியபின் ஒரு துறையில் சம்பளத்தோடு பெறும் பயிற்சி. அமெரிக்காவில் பொதுவாக இது இல்லாமல் தனியாகத் தொழில் செய்ய முடியாது. 1889ல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் ஆஸ்லர், வில்லியம் ஹால்ஸ்டெட் போன்றவர்கள் இந்த முறையை வளர்த்தார்கள். இளம் டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்தார்கள். அதனால்தான் "ரெசிடென்ட்" என்ற பெயர். இன்று வீட்டுக்குப் போகலாம். எப்போது போகலாம் என்பதுதான் கேள்வி.

துறைக்குத் துறை வருடம் மாறும். பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம் மூன்று வருடம். மனநல மருத்துவமும் மகப்பேறும் நான்கு. பொது அறுவை சிகிச்சையும் எலும்பு மருத்துவமும் ஐந்து. நரம்பியல் அறுவை சிகிச்சை ஏழு. இருதய டாக்டர் ஆக வேண்டுமானால், பொது மருத்துவம் மூன்று வருடம் முடித்தபின் இன்னொரு மூன்று வருடம். "என் பையன் ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட் ஆகப்போறான்" என்று கல்யாண வீட்டில் சொல்வதற்கு மூன்று விநாடி போதும். ஆவதற்கு ஆறு வருடம்.

இனி அந்தப் புரோகிராமுக்கு வருகிறேன். அதன் பெயர் சுருக்கமாக "மாட்ச்". 1952லிருந்து நடக்கிறது. அதற்கு முன் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும்.

அந்தக் காலத்தில் படித்து முடிக்கும் மாணவர்களைவிட ஆஸ்பத்திரி இடங்கள் அதிகம். அதனால் நல்ல மாணவர்களை யார் முதலில் பிடிப்பது என்று ஆஸ்பத்திரிகளுக்குள் போட்டி. ஒருவர் ஆறு மாதம் முன்னால் கேட்டால் அடுத்தவர் ஒரு வருடம் முன்னால் கேட்பார். 1940களில், படிப்பு முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே இடம் பேசி முடிக்கிற நிலை வந்தது. அந்த மாணவன் அதுவரை அறுவை சிகிச்சை அறையின் உள்ளே காலெடுத்து வைத்திருக்கக்கூட மாட்டான். அவன் எந்தத் துறைக்குப் பொருந்துவான் என்று அவனுக்கும் தெரியாது, எடுப்பவருக்கும் தெரியாது. நம் ஊரில் தொட்டிலில் கிடக்கும்போதே மாமன் மகளுக்கு நிச்சயம் செய்வார்களே, அந்தக் கதைதான்.

1945ல் மருத்துவக் கல்லூரிகள் ஒன்று சேர்ந்து, குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் மாணவரைப் பற்றிய விவரம் எதையும் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதில்லை என்று கட்டுப்பாடு போட்டன. அவசரம் நின்றதா? இடம் மாறியது. முடிவு சொல்ல மாணவருக்குத் தரும் நேரத்தில் கை வைத்தார்கள். முதலில் பத்து நாள் என்றிருந்தது, சில வருடங்களில் மணிக்கணக்காகச் சுருங்கியது. கையில் இரண்டாவது விருப்பமான இடம் இருக்கிறது. முதல் விருப்பம் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்றைக்குள் சொல் என்கிறார்கள். பாவம், மாணவன் என்ன செய்வான்?

இதற்கு மாற்றாகத்தான் எல்லோரிடமும் பட்டியல் வாங்கி, ஒரே நாளில் மையமாகப் பொருத்தலாம் என்ற யோசனை வந்தது. மாணவர் தம் விருப்ப வரிசையை எழுதுவார். ஆஸ்பத்திரியும் தனக்கு வேண்டிய மாணவர்களை வரிசையாக எழுதும். ஆனால் முதலில் முன்வைக்கப்பட்ட முறையில் ஒரு ஓட்டை இருந்தது. பெரிய இடத்துக்கு ஆசைப்பட்டு அதை முதலில் எழுதி, அது கிடைக்காமல் போனால், உங்கள் இரண்டாவது இடத்திலும் பின்தங்கிவிட நேரலாம். அதாவது உண்மையை எழுதினால் தண்டனை. கணக்குப் போட்டுப் பொய் எழுதினால் பரிசு.

இதைக் கண்டுபிடித்தது பேராசிரியரோ கணித மேதையோ இல்லை. மாணவர்கள். 1951ல் ஹார்வர்ட் மருத்துவ மாணவரான ஹார்டி ஹெண்ட்ரன் போன்றவர்கள் கல்லூரி கல்லூரியாக மாணவர்களைத் திரட்டி, இந்த முறை வேண்டாம், உண்மையை எழுதுபவனைக் காப்பாற்றும் முறை வேண்டும் என்று வாதாடினார்கள். முறை மாற்றப்பட்டது. 1952ல் நடந்த முதல் மாட்ச் அந்தத் திருத்தத்தோடுதான் நடந்தது. அந்த ஹெண்ட்ரன் பிற்காலத்தில் பாஸ்டனில் புகழ்பெற்ற குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணராகி, 2022ல் காலமானார். நம் கல்லூரியில் மெஸ் பில்லுக்காகப் போராடிய அண்ணன்மார்கள் இங்கே இருக்கிறார்கள். மாணவர் போராட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

இப்போது திருத்தப்பட்ட முறையை ஒரு சின்னக் கணக்கால் காட்டுகிறேன். பயப்படாதீர்கள், இரண்டாவது செமஸ்டர் கணிதம் அளவுக்குப் போகமாட்டேன்.

மூன்று மாணவர்கள். மூன்று ஆஸ்பத்திரிகள். பெயர் மலை, ஆறு, கடல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இடம். முதல் மாணவரின் பட்டியல்: மலை, ஆறு, கடல். இரண்டாமவர்: ஆறு, மலை, கடல். மூன்றாமவர்: மலை, ஆறு, கடல். மலை ஆஸ்பத்திரிக்கு மூன்றாமவரைத்தான் மிகவும் பிடித்திருக்கிறது, அடுத்து முதலாமவர், கடைசியில் இரண்டாமவர். ஆற்றுக்கு முதலாமவர்தான் முதல், அடுத்து இரண்டாமவர், அடுத்து மூன்றாமவர். கடலுக்கு யார் வந்தாலும் சரி.

கணிப்பொறி முதலாமவரை எடுத்துக்கொண்டு மலையின் கதவைத் தட்டுகிறது. மலை, "சரி, இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன்" என்கிறது. இப்போதைக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டாமவர் ஆற்றைத் தட்டுகிறார். ஆறும் இப்போதைக்கு வைத்துக்கொள்கிறது. மூன்றாமவர் மலைக்கு வருகிறார். மலைக்கு இவரைத்தான் அதிகம் பிடிக்கும். ஆகவே முதலாமவரை வெளியே விட்டு இவரை வைத்துக்கொள்கிறது. முதலாமவர் தம் பட்டியலில் அடுத்ததான ஆற்றுக்குப் போகிறார். அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது. அதுவும் ஆற்றையே முதலில் எழுதிய ஆள். ஆனாலும் ஆற்றின் வரிசையில் முதலாமவர்தான் மேலே. ஆகவே அவரை எடுத்துக்கொண்டு இரண்டாமவரை விட்டுவிடுகிறது. இரண்டாமவர் மலைக்குப் போகிறார், அங்கே இடமில்லை. கடலுக்குப் போகிறார், இடம் கிடைக்கிறது. முடிந்தது. எல்லோரும் போய்ச் சேர்ந்தபின்தான் "இப்போதைக்கு" என்பது "நிச்சயம்" ஆகிறது.

இதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. முதலாமவர் மலைக்கு ஆசைப்பட்டார், கிடைக்கவில்லை. அதனால் ஆற்றில் அவருக்கு ஏதாவது நஷ்டம் வந்ததா? வரவில்லை. ஆற்றை முதலிலேயே எழுதியிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதேதான் கிடைத்தது. மேலே எழுதிய ஆசை கீழே எழுதிய வாய்ப்பைத் தின்னாது. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நேரம் மலையையும் ஆற்றையும் சுற்றி வந்தேன்.

நம் ஊர்க் கலந்தாய்வுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அண்ணா பல்கலைக்கழக ஒற்றைச் சாளரத்தில் நாமெல்லாம் சீட்டு எடுத்தோமே, அங்கே எல்லாக் கல்லூரிக்கும் ஒரே தரவரிசை. உங்களுக்கு முன்னால் போனவர் எடுத்தது போக மீதி உங்களுக்கு. மாட்ச் முறையில் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தனித்தனி வரிசை. மார்க், சிபாரிசுக் கடிதம், நேர்முகத் தேர்வில் பேசிய விதம் எல்லாவற்றையும் பார்த்து அவர்களே எழுதுகிறார்கள். ஓர் இடத்தில் ஐம்பதாவதாக இருப்பவர் இன்னோர் இடத்தில் மூன்றாவதாக இருக்கலாம்.

1962ல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள் இதே மாதிரியான பொருத்தத்தைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பிலேயே கல்லூரிச் சேர்க்கையும் வரும், கல்யாணமும் வரும். அவர்கள் சொன்ன நல்ல பொருத்தத்துக்கு இலக்கணம் நம் தரகர்களுக்குப் பிடிக்கும்: தங்களுக்குக் கிடைத்ததைவிட ஒருவரையொருவர் அதிகம் விரும்புகிற ஜோடி எங்கேயும் இருக்கக்கூடாது. சுருக்கமாகச் சொன்னால், யாரும் ஓடிப்போக வேண்டிய அவசியம் இல்லாத கல்யாணம். 1952லிருந்து ஆஸ்பத்திரிகள் கடைப்பிடித்த முறையும் சாராம்சத்தில் இதுதான் என்று 1984ல் ஆல்வின் ராத் என்பவர் காட்டினார்.

ஆனால் பழைய முறையில் கதவைத் தட்டியது ஆஸ்பத்திரி, திறந்தது மாணவர். தட்டுகிற பக்கத்துக்குத்தான் லாபம் சாயும் என்பது கணிதம். 1990களில் மாணவர்கள் இதைக் கேள்வி கேட்டார்கள். ராத், எலியட் பெரான்சன் இருவரும் புரோகிராமைத் திருத்தி எழுதினார்கள். 1998லிருந்து மாணவர் பக்கமிருந்து தட்டும் முறை நடக்கிறது. சோதித்துப் பார்த்ததில், ஆயிரத்தில் ஒருவர் அளவுக்குத்தான் முடிவு மாறியது. ஆனாலும் "உண்மையை எழுது, நஷ்டமில்லை" என்று தனியாக விண்ணப்பிக்கும் மாணவரிடம் தைரியமாகச் சொல்ல முடிந்தது. 2012ல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவு சொன்னபிறகும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது என்ன? "அங்கிள், அந்தப் பெரிய இடத்தை முதல்ல போட்டா கிடைக்கிறதும் போயிடும்ங்கறாங்களே?" போகாது. "இந்த ஆஸ்பத்திரிக்காரங்க என்னை ரொம்பப் புகழ்ந்து கடிதம் எழுதியிருக்காங்க, அவங்களை முதல்ல போடட்டுமா?" அங்கே போக உனக்கு ஆசை இருந்தால் போடு, கடிதத்துக்காகப் போடாதே. யாரை எங்கே எழுதுவாய் என்று உன்னைக் கேட்கவே அவர்களுக்கு விதிப்படி உரிமை கிடையாது. "பட்டியல் நீளமா இருந்தா மதிப்புக் குறையுமா?" குறையாது. ஆனால் ஒன்று: கிடைத்தால் போகமாட்டேன் என்கிற இடத்தை எழுதாதே. மாட்ச் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். மீறினால் பிறகு அந்தப் பக்கமே போக முடியாதபடி தடை வரலாம்.

நண்பர்களே, இந்த இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. புரோகிராம் நேர்மையானது. நீங்கள் எழுதியதை அப்படியே நம்பும். நீங்கள் எழுதியது உங்கள் விருப்பமா, உங்கள் பெரியப்பாவின் விருப்பமா என்று அது கேட்காது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவி 2019 மாட்ச்சில் பங்கு பெற்றார். அவருக்கு ஒன்பது இடங்களில் நேர்முகத் தேர்வு நடந்தது. நான்கு பொது மருத்துவம், ஐந்து நோய்க்கூற்றியல், அதாவது பெதாலஜி. இங்கே ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோதே, டூட்டி முடிந்ததும் மைக்ராஸ்கோப் இருக்கும் அறையில் போய் உட்கார்ந்துகொள்வாராம். வெளியே கட்டி என்று தெரிவது உள்ளே என்ன என்று கண்ணால் பார்க்கிற சுகம் வேறெதிலும் இல்லை என்பார். ஆனால் அவருடைய பெரியப்பா தொலைபேசியில், "நோயாளியைப் பார்க்காத டாக்டர் ஒரு டாக்டரா? பொது மருத்துவத்தை முதல்ல போடும்மா, அப்புறம் ஹார்ட் படிக்கலாம்" என்றார். என் அம்மாவுக்கு, "பிணத்தை அறுக்கிற வேலையா?" என்று பயம்.

எனக்கும் ஒரு ஆசை இருந்தது. பொது மருத்துவ இடங்களில் ஒன்று என் அலுவலகத்திலிருந்து இருபது நிமிடம். பெதாலஜி இடங்கள் எல்லாமே தூரம். பட்டியலை அனுப்ப ஒரு வாரம் இருக்கும்போது அவரே கேட்டார்: "ஏங்க, பக்கத்துல இருக்கற இடத்தையே முதல்ல போட்டுடட்டுமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் ஆனது. பிறகு ஒரு கேள்வி கேட்டேன். "பத்து வருஷம் கழிச்சு ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ரெண்டு மணிக்கு நீ என்ன பண்ணிட்டிருக்கணும்?" அவர் யோசிக்கவே இல்லை. "ஸ்லைடு பார்த்துட்டிருக்கணும்" என்றார். ஐந்து பெதாலஜி இடங்களும் மேலே போயின. என் அலுவலகத்துக்குப் பக்கத்து இடம் ஆறாவதாகப் போனது. கிடைத்தது மூன்றாவது. காரில் ஆறு மணி நேர தூரம். நான்கு வருடம் இரண்டு வீட்டு வாடகை கட்டினோம். அது சுலபமாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். கைக்குழந்தையோடு பனியில் கார் ஓட்டிய இரவுகள் உண்டு. ஆனால் அந்த நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட "தப்பான துறைக்கு வந்துட்டேன்" என்ற பேச்சு எங்கள் வீட்டில் வந்ததில்லை.

பெரியப்பாவின் கேள்விக்கும் பதில் கிடைத்தது. அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே, எடுத்த சதையின் ஒரு துணுக்கு கீழே வரும். அதை உறைய வைத்துச் சீவி, சாயம் போட்டு, சுமார் இருபது நிமிடத்துக்குள் பெதாலஜி டாக்டர் பதில் சொல்ல வேண்டும். புற்றா, இல்லையா? ஓரம் சுத்தமாக இருக்கிறதா, இன்னும் வெட்ட வேண்டுமா? நோயாளி மேஜை மேல் மயக்கத்தில், சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். இதைக் கேட்டபின் பெரியப்பா, "அப்ப சர்ஜனுக்கே டாக்டர்னு சொல்லு" என்றார். இப்போது ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெதாலஜிதான் உயர்ந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. என் மனைவியின் தோழி ஒருவருக்கு மைக்ராஸ்கோப்பைப் பார்த்தால் தூக்கம் வரும். மனிதர்களோடு பேசினால்தான் உயிர் வரும். அவர் குடும்ப மருத்துவத்துக்குப் போனார். அவருக்கு அதுதான் சரி.

ஆகவே மாணவர்களுக்கு என் வேண்டுகோள்: வார்டு வார்டாக மாறி மாறிப் போகும் காலத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துறை முடிந்ததும் மூன்றே விஷயம் எழுதுங்கள். ஒன்று, இந்தத் துறையில் தினமும் செய்யும் சலிப்பான வேலை எது, அதை முப்பது வருடம் செய்ய முடியுமா? எல்லாத் துறையிலும் உச்சக்கட்டம் சினிமா மாதிரி அழகாகத்தான் இருக்கும். வாழ்க்கை போவது மீதி நேரத்தில். இரண்டு, இங்கே ஐம்பது வயதில் இருக்கும் டாக்டர் சந்தோஷமாக இருக்கிறாரா? அவரைப் போல் ஆக எனக்குச் சம்மதமா? மூன்று, விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பினால் எந்த நோயாளிக்காக முகம் சுளிக்காமல் எழுந்து போவேன்? கடைசி வருடத்தில் அந்த நோட்டைப் படித்தால் பட்டியல் தானே தெரியும்.

தூக்கத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1984ல் நியூயார்க்கில் லிபி சையன் என்ற 18 வயதுப் பெண் ஆஸ்பத்திரியில் சேர்த்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். ரெசிடென்ட்கள் ஓய்வில்லாமல் நீண்ட நேரம் வேலை செய்வது பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. 1989ல் நியூயார்க் மாநிலம் விதி கொண்டுவந்தது. 2003லிருந்து நாடு முழுவதும் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு. நான்கு வாரச் சராசரியில் 80. நம்மில் சிலர் 50 மணி நேரத்துக்கே முனகுகிறோம். இவ்வளவு நேரம் செய்யப்போகும் வேலை பிடித்ததாக இல்லாவிட்டால் உடம்பு தாங்கினாலும் மனசு தாங்காது.

இனி நம் ஊரிலிருந்து போக நினைப்பவர்களுக்கு நடைமுறை விவரம். யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வில் ஸ்டெப் ஒன்று, ஸ்டெப் இரண்டு இரண்டையும் மாணவராக இருக்கும்போதே எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் டாலர் அளவில் கட்டணம். ஸ்டெப் ஒன்றுக்கு 2022 ஜனவரி முதல் மார்க் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும். அதனால் ஸ்டெப் இரண்டின் மார்க்குக்கு மவுசு கூடிவிட்டது. நோயாளி போல நடிப்பவரைச் சோதித்துக் காட்டும் நேரடித் தேர்வு 2021ல் கைவிடப்பட்டது. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இ.சி.எஃப்.எம்.ஜி. என்ற அமைப்பின் சான்றிதழ் வேண்டும். அதற்கு இப்போது மருத்துவர்களுக்கான ஆங்கிலத் தேர்வும் உண்டு.

விண்ணப்பம் செப்டம்பரில். நேர்முகத் தேர்வுகள் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. பட்டியலை அனுப்புவது பிப்ரவரி இறுதி, மார்ச் தொடக்கம். மார்ச் மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, இடம் கிடைத்ததா இல்லையா என்று மட்டும் சொல்வார்கள். எங்கே என்று வெள்ளிக்கிழமை. கிடைக்காதவர்களுக்கு நிரம்பாத இடங்களுக்கு அந்த வாரத்திலேயே இன்னொரு சுற்று நடக்கும். பணி பொதுவாக ஜூலை 1ல் தொடங்கும்.

கிடைக்காமலும் போகலாம் என்பதை மறைக்கக் கூடாது. 2024ல் அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு மேல் இடம் கிடைத்தது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத, வெளிநாட்டில் படித்த டாக்டர்களில் 58.5 சதவீதம் பேருக்குத்தான் கிடைத்தது. பத்துப் பேர் போனால் நான்கு பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பொது மருத்துவம், குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், பெதாலஜி ஆகியவற்றில் நம்மவர்களுக்கு வழி கொஞ்சம் அகலம். தோல், எலும்பு, நரம்பியல் அறுவை சிகிச்சையில் மிகக் குறுகல். ஜே-1 விசாவில் போனால் முடித்தபின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. விலக்குப் பெறவும் வழிகள் உண்டு. பட்டம் வாங்கி வருடங்கள் கூடக்கூட வாய்ப்புக் குறையும். இதையெல்லாம் எடை போட்டு, இங்கேயே நீட் பி.ஜி. எழுதி மூன்று வருடம் எம்.டி. படிப்பதுதான் சரி என்று முடிவு செய்தால், அது எந்த வகையிலும் குறைவான முடிவு இல்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். "ஆசைப்பட்டதை எழுது என்கிறாய், வாய்ப்பையும் பார் என்கிறாய். எது சரி?" இரண்டும் சரி, காலம்தான் வேறு. எங்கெங்கே விண்ணப்பிப்பது என்னும்போது வாய்ப்பைப் பாருங்கள், நாலு பேரைக் கேளுங்கள், சிக்கனமும் பாருங்கள். நேர்முகத் தேர்வுகள் முடிந்து பட்டியல் எழுத உட்காரும்போது வாய்ப்புக் கணக்கை மூடி வையுங்கள். அந்தக் கணக்கைப் போடத்தான் கணிப்பொறி இருக்கிறது. அதன் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வேலையை அது செய்யாது.

பெற்றோர்களே, அண்ணன்மார்களே, கடைசியாக உங்களுக்கு. நீங்கள் கடன் வாங்கிப் படிக்க வைத்திருக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்ல உரிமை உண்டு. எவ்வளவு பணம் இருக்கிறது, எத்தனை வருடம் தாங்கும், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதையெல்லாம் பிள்ளையிடம் திறந்து பேசுங்கள். அதுவும் அவர்கள் முடிவில் சேர வேண்டிய விவரம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் பெற்றோர் கையெழுத்துக்கு இடம் கிடையாது. பிள்ளை தன் கடவுச்சொல்லைப் போட்டு, தானே உறுதி செய்து அனுப்ப வேண்டும். 1951ல் அந்த மாணவர்கள் வாதாடி வாங்கிக்கொடுத்தது அந்த ஒரு உரிமையைத்தான்: மனசில் இருப்பதை அப்படியே எழுதும் உரிமை. முன்பின் தெரியாத ஆஸ்பத்திரிகளே அதற்கு மதிப்புக் கொடுக்கும்போது வீட்டில் இருக்கிற நாம் கொடுக்கக் கூடாதா?

 இளையவர்கள் யாருக்காவது சந்தேகம் இருந்தால் பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்கள். எனக்குத் தெரியாததை என் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன், அவர் ஸ்லைடு பார்த்து முடித்தபின்.